ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், வலி மட்டும் நிற்கவில்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டு முன்னறையில் கணவரோடு சேர்ந்து வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறார். பிறந்த வீடு ஏற்காட்டு மலையில். கல்லூரிக் காலத்திலிருந்தே தலைவலி உண்டு, அப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை. இடது புருவத்துக்கு மேலே விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்து பிடரி வரை இறங்கும். வெளிச்சம் ஆகாது, சுத்தியல் சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். வாந்தி எடுத்து, இருட்டறையில் தூங்கி எழுந்தால்தான் அடங்கும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்து, இந்த ஒரு வருடமாக வாரத்தில் நான்கைந்து நாள் ஏதோ ஒரு வலி இருக்கிறது.

பார்க்காத வைத்தியம் இல்லை. சைனஸ் என்று இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கண்ணாடி மாற்றினார். கடைசியில் தலைக்கு ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு மாறிவிட்டது. "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, அப்புறம் என்ன வலி?" என்கிறார் கணவர். பித்தம், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நிற்பதால் வருகிறது என்பது மாமியார் கட்சி. இவர் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையில் நாளை ஓட்டுகிறார். பத்து மாத்திரை கொண்ட அட்டை இரண்டு வாரம் தாண்டுவதில்லை. காலியான அட்டை ஒன்றைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியே அனுப்பியிருக்கிறார்.

கேள்விகள் நான்கு. மூளையில் கட்டி இருந்து ஸ்கேனில் தெரியாமல் போயிருக்குமா? நாத்தனாருக்கு வலிப்பு நோய் மாத்திரை கொடுத்துத் தலைவலி நின்றது, அதையே நானும் வாங்கிப் போடலாமா? 11 வயது மகளுக்கு மலை பஸ்ஸில் வாந்தியும் அடிக்கடி வயிற்றுவலியும் வருகிறது, அவளுக்கும் இது வருமா? கொலுசு வேலையை விட்டுவிடட்டுமா?

கடிதத்தின் ஓரத்தில், போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார். சில தடவை வலி வருவதற்கு முன் பார்வையில் பல் பல்லாக ஒரு கோடு மினுக்கிக்கொண்டே பெரிதாகி, இருபது நிமிஷத்தில் மறைந்துவிடுமாம். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம் என்பதால் ஐந்து மாதமாக, 21 நாள் போட்டு 7 நாள் விடுகிற ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாராம்.

சகோதரி, உங்கள் கடிதம் சொல்வது மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியை. ஆனால் நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த இரண்டிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

அந்த மினுக்குகிற கோடு கண் கோளாறு இல்லை. மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கவனிக்கிற பகுதியில், ஒரு மின் அலை நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் மெதுவாக நகர்ந்து போகிறது. அதனால்தான் கோடும் மெதுவாகப் பரவுகிறது. இதற்கு ஆரா என்று பெயர். 5 நிமிஷத்திலிருந்து 60 நிமிஷம் வரை இருக்கும், பிறகு தடமில்லாமல் போய்விடும். மைக்ரேன் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூன்றில் ஒருவருக்கு, இது வருகிறது.

இந்த ஆரா இருக்கிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை எடுக்கக் கூடாது. ஆராவோடு வரும் மைக்ரேன் பக்கவாத அபாயத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, ஈஸ்ட்ரோஜன் அதற்கு மேலும் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலும் இது 'கூடவே கூடாது' வரிசையில்தான் இருக்கிறது. உங்கள் வயதில் பக்கவாதம் அரிது, அதனால் இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். மாத்திரை அட்டையின் பின்புறம் ஈஸ்ட்ரோஜன் வகையான எத்தினில் எஸ்ட்ராடியோல் என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக்கே அந்த மகப்பேறு மருத்துவரிடம் போய், "எனக்குத் தலைவலிக்கு முன்னாடி கண்ணுல கோடு கோடா மின்னும்" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். அவர் உடனே புரிந்துகொள்வார். உதிரப்போக்குக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன, கருப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் அதில் ஒன்று. அவர் உங்களிடம் கேட்கவில்லை, கேட்காததால் நீங்களும் சொல்லவில்லை. தலைவலிக்கும் மாதவிடாய்க்கும் சம்பந்தம் இருக்கும் என்று நீங்கள் எப்படி நினைத்திருப்பீர்கள்?

சம்பந்தம் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு நாளிலும் முதல் மூன்று நாளிலும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும், அந்த இறக்கம் மைக்ரேனைக் கிளப்பும். மாத்திரையை விடுகிற அந்த 7 நாளிலும் இதே இறக்கம்தான். "மாத்திரை விடுற வாரம்தான் ரொம்ப மோசம்" என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுவாக இருக்கலாம். ஆண்களைப் போல் மூன்று மடங்கு பெண்களுக்கு மைக்ரேன் இருப்பதற்கும் ஹார்மோன் ஒரு முக்கியக் காரணம்.

ஸ்கேன் எதற்கு எடுத்தார்கள்?

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கட்டி, ரத்தக் கசிவு, நீர் தேங்குவது போன்றவை இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். பதினைந்து வருடமாக ஒரே மாதிரி வந்து போகிற வலி, நடுவில் முழுசாகச் சரியாகிவிடுகிற நாட்கள், ஸ்கேனும் நார்மல். இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டி என்ற பயத்தை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம்.

ஆனால் ஸ்கேன் மைக்ரேனைக் காட்டாது. மைக்ரேன் மூளையின் அமைப்பில் வரும் கோளாறு இல்லை, அது வேலை செய்யும் விதத்தில் வருவது. முகத்துக்கும் மூளையின் உறைக்கும் உணர்வு கொண்டுபோகிற முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கு போன்ற சில பொருள்கள் அங்கே வெளிப்படுகின்றன. ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கிற நரம்பு முனைகள் கூசிப்போய், ஒவ்வொரு நாடித் துடிப்பும் வலியாகத் தெரிகிறது. விண் விண்ணென்று தெறிப்பது அதனால்தான். ஸ்கேன் நார்மலாக வருவதுதான் மைக்ரேனில் வழக்கம்.

அப்படியானால் மைக்ரேன் என்று எப்படி முடிவு செய்கிறோம்? கேட்டுத்தான். நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கிறதா, ஒரு பக்கமா, தெறிக்கிறதா, மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போகிறதா என்று கேட்கிறோம். இப்படி குறைந்தது ஐந்து தடவையாவது வந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தில் இவ்வளவுக்கும் பதில் இருக்கிறது. வலி இரண்டு பக்கமும் வந்தாலும் அது மைக்ரேனாக இருக்கலாம், அதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்த இடத்தை உங்கள் வீட்டுக்காரரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஐயா, ஸ்கேன் நார்மல் என்று டாக்டர் சொன்னது 'கட்டி இல்லை' என்ற நல்ல செய்தி. 'வலி இல்லை' என்று அவர் சொல்லவில்லை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் அன்றாடத்தை முடக்கிப் போடுகிற நோய்களில், உலக அளவில் முன்வரிசையில் நிற்பது மைக்ரேன். உங்கள் மனைவி சாக்குச் சொல்கிறவராக இருந்தால் வாந்தி எடுத்துக்கொண்டே ஆர்டரை முடித்துக் கொடுத்திருக்க மாட்டார். அப்படி முடித்துக் கொடுத்த இரவுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

சைனஸ், கண்ணாடி, பித்தம்

சைனஸ் என்று நம்பி வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது மைக்ரேன்தான். மைக்ரேன் வரும்போது மூக்கு அடைப்பதும், கண்ணில் நீர் வழிவதும், கன்னம் கனப்பதும் சகஜம். அதே நரம்பு அங்கேயும் போகிறதே! உண்மையான சைனஸ் தொற்றில் காய்ச்சல் வரலாம், மஞ்சளோ பச்சையோ கெட்டியாகச் சளி வரும், முகர்வு குறையும். உங்களுக்கு இதெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைப் பொறுத்தவரை, பவர் சரியாக இருப்பது நுணுக்க வேலைக்கு நல்லது, அவ்வளவுதான். அது மைக்ரேனை நிறுத்தாது.

மாமியார் சொல்வதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டும் என்று நம் நாட்டு மருத்துவர்களே நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நீளமான முடியை ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொள்கிற பெண்கள் அதிகம் சொல்கிற புகார் அது. உங்களுக்கும் அப்படி வருகிறதென்றால் வேலை குறைவான நாளில், நன்றாகச் சாப்பிட்ட பிறகு குளித்து, உடனே துவட்டிக் காயவிடுங்கள். ஆனால் 'பித்தம்' என்று வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடிப்பதும், வாந்தியை வரவழைப்பதும் வேண்டாம். மைக்ரேனில் இரைப்பை மந்தமாகிவிடும், குமட்டலுக்கு அதுவும் ஒரு காரணம். பித்தம் ஏறியதால் தலை வலிக்கவில்லை. மைக்ரேன் வந்ததால் வயிறு புரட்டுகிறது.

நீங்கள் ஒட்டி அனுப்பிய அட்டை

பெரிய சிக்கல் இதில் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அட்டையில் எர்காட்டமின், கஃபீன், பாராசிட்டமால், வாந்தியை அடக்க ஒரு மருந்து என நான்கு சேர்ந்திருக்கின்றன. எப்போதாவது ஒரு தடவை, டாக்டர் சொல்லிப் போட்டால் வேலை செய்கிற மாத்திரைதான். நீங்கள் மாதத்தில் இருபது நாள் போடுகிறீர்கள்.

தலைவலிக்குப் போடுகிற மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நிலை ஒன்று இருக்கிறது. எர்காட்டமினும் இப்படிப்பட்ட கலவை மாத்திரைகளும் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசிட்டமால் போன்றவை என்றால் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போனால் அந்த நிலை வந்துவிடும். மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் மூளை அதைக் கேட்டு வலிக்கும். காலையில் எழும்போதே மந்தமாகத் தலை முழுக்க ஒரு வலி, மாத்திரை போட்டால் மதியம் வரை சரி, மறுநாள் மறுபடியும். உங்கள் கடிதத்தில் 'விண் விண்' வலியும் இந்த மந்தமான வலியும் தனித்தனியாக வருகின்றன, கவனித்தீர்களா? முன்னது நீங்கள் கல்லூரி நாளிலிருந்து அறிந்த மைக்ரேன். பின்னது, என் கணிப்பில், அட்டை கொண்டுவந்தது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. வலிக்கிறவர் மாத்திரை போடத்தான் செய்வார். சீட்டு கேட்காமல், எத்தனையாவது அட்டை என்றும் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்களே, அதுதான் தப்பு. இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.

எர்காட்டமினில் இன்னும் இரண்டு ஆபத்து. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும். விரல் நுனி சில்லிட்டுப் போவது, மரத்துப்போவது, நடந்தால் கெண்டைக்கால் இழுப்பது மாதிரி இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் இந்தச் சுருக்கம் ஆபத்தான அளவுக்குப் போகும். சைனஸ் என்று உங்களுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதியவருக்கு நீங்கள் போடும் இந்த மாத்திரையைப் பற்றித் தெரிந்திருக்காது. இனி எந்த டாக்டரிடம் போனாலும், வேறு வியாதிக்குப் போனாலும், போடுகிற அட்டைகளை எல்லாம் ஒரு பையில் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் எர்காட்டமின் தொடவே கூடாது.

நிறுத்துவது எப்படி? இதை நிறுத்தினால் முதலில் வலி கூடும். பெரும்பாலும் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை, வாந்தியும் தூக்கமின்மையும் சேர்ந்து, சிரமமாகத்தான் இருக்கும். பலர் மூன்றாவது நாள் மறுபடி மெடிக்கலுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் தனியாக முயற்சி செய்யாதீர்கள். டாக்டர் அந்த நாட்களைக் கடக்க வேறு மருந்து தருவார், வலியைத் தடுக்கும் மருந்தையும் கூடவே தொடங்குவார். முகூர்த்த ஆர்டரோ தீபாவளி ஆர்டரோ இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, அந்த வாரம் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்று முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள். மாமியாரையே கேட்கலாம். உங்கள் மேல் அவருக்கு அக்கறை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது.

காப்பியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிறந்த வீட்டுக் காப்பித்தூள் தீர்வதே இல்லை, நாளுக்கு ஆறு டம்ளர் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையில் ஒரு கஃபீன், டம்ளரில் ஒரு கஃபீன். ஒரே நாளில் நிறுத்தினால் அதுவே தனியாகத் தலைவலி தரும். மூன்று நாலு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் குடியுங்கள்.

நாத்தனார் மாத்திரையும் உங்களுக்கான மாத்திரையும்

வலி வந்தபின் போடுவது ஒரு வகை, வராமல் தடுக்க தினமும் போடுவது இன்னொரு வகை. மாதத்தில் நாலைந்து நாளுக்கு மேல் படுத்துகிறது என்றால் தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்களுக்கு அது அவசியம்.

நாத்தனாருக்குக் கொடுத்தது சோடியம் வால்ப்ரோயேட் என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்ரேனுக்கு அது வேலை செய்யும், உண்மைதான். ஆனால் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கர்ப்பமானால் குழந்தைக்கு முதுகெலும்பு, இதயக் குறைபாடுகளும் மூளை வளர்ச்சிக் குறைபாடும் வரக்கூடும். எனவே உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நாத்தனாருக்கும் இன்னும் குழந்தை பெறும் வயது என்றால், அவரைத் தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய் இதைக் கேட்கச் சொல்லுங்கள். டோபிராமேட் என்ற மருந்துக்கும் கர்ப்பத்தில் இதே மாதிரி எச்சரிக்கை உண்டு.

மற்றவற்றில் தேர்வு ஆளைப் பொறுத்தது. பிராப்ரனலால் பழைய, விலை குறைந்த, நல்ல மருந்து. ஆஸ்துமா இருந்தால் கூடாது. பட்டறைப் புகையில் இழுப்பு வருகிறதா என்று டாக்டர் கேட்பார், மறைக்காதீர்கள். அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராம் போல மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். தூக்கமும் சரியாகும், வாய் உலரும், எடை கொஞ்சம் ஏறலாம். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து என்று மெடிக்கலில் யாராவது சொன்னால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஃப்ளூனாரிசின் நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது. எடையும் தூக்கக் கலக்கமும் கூடும், சிலருக்கு மனம் சோரும். சிஜிஆர்பியையே தடுக்கிற ஊசிகளும் 2018 முதல் வந்திருக்கின்றன. விலை அதிகம், உங்களுக்கு முதல் கட்டத்தில் தேவைப்படாது. எதைத் தொடங்கினாலும் பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். வலி வருகிற நாட்கள் பாதியாகக் குறைந்தால் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்வோம். முழுசாக மறைந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

வலி வரும் நாளுக்கான மருந்தில் ஒரு விஷயம் முக்கியம்: ஆரம்பத்திலேயே போட வேண்டும். வாந்தி எடுக்கும் வரை தாங்கிப் பார்த்துவிட்டுப் போட்டால் மாத்திரை இரைப்பையிலேயே கிடக்கும். நாப்ரக்சென் போன்ற வலி மருந்தோ, சுமட்ரிப்டான் குடும்ப மருந்தோ டாக்டர் எழுதலாம். இதய நோயோ பக்கவாதமோ இருந்தவர்களுக்குச் சுமட்ரிப்டான் ஆகாது. எர்காட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள் அதைப் போடவும் கூடாது.

ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை உதிரப்போக்கு இருந்தால் ரத்தசோகை இருக்க நல்ல வாய்ப்பு, அதுவும் தலைவலியைக் கூட்டும். தனியார் செலவு தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. நான் சொன்ன பழைய மருந்துகள் எதுவும் விலை அதிகமானவை இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட், எக்ஸ்ரே, பழைய சீட்டுகளை எடுத்துப் போங்கள். அவற்றின் நகல் உங்களிடம் இல்லையென்றால் எடுத்த இடத்தில் கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை.

பட்டறை, விரதம், மலைப்பாதை

மைக்ரேன் உள்ளவரின் மூளை மாற்றத்தைத் தாங்காது. சாப்பாடு தள்ளிப்போவது, தூக்கம் குறைவது, தூக்கம் அதிகமாவது, வெயில் கூச்சம், கடுமையான வாசனை என்று எதுவும் தூண்டலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடவையும் தூண்டாது. மேட்டூர் அணை 120 அடி நிறைந்து நிற்கும்போது வருகிற கொஞ்சத் தண்ணீரும் வழியும், 80 அடியில் இருக்கும்போது வெள்ளமே வந்தாலும் தாங்கும். போன வாரம் வெயிலில் போயும் வராத வலி இந்த வாரம் வருவதற்குக் காரணம் அதுதான்.

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு நீங்கள் இருக்கும் விரதத்தைப் பாருங்கள். வெறும் வயிறு, வெயிலில் வரிசை, கூட்டத்தின் சத்தம், சாம்பிராணிப் புகை, முந்தின இரவு தூக்கமில்லை. ஐந்தும் ஒரே நாளில். விரதத்தை விடச் சொல்லவில்லை. பால், பழம், இளநீர் என்று மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வயிற்றில் இருக்கட்டும், தண்ணீர் குறைய வேண்டாம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வலி வருவது மலைக் குளிரால் என்று நினைக்கிறீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், மலை உயரத்தால் வரும் தலைவலிக்கு அது போதாது. அதிகாலையில் சாப்பிடாமல் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏற, நீங்கள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து போன் பார்த்துக்கொண்டே போகிறீர்கள். பயணத்தில் குமட்டுவது மைக்ரேன் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி தினமும் ஒரு வரி எழுதுங்கள். வலி இருந்ததா, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, எத்தனை, சாப்பாட்டு நேரம், தூக்கம், மாதவிடாய் நாள். மாத்திரை எண்ணிக்கையை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இப்படி வந்தால் காத்திருக்க வேண்டாம்

உங்கள் வழக்கமான வலியை நீங்கள் அறிவீர்கள். கீழே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அது வேறு. ராத்திரி என்றாலும் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள்.

- இடி விழுந்த மாதிரி ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போகிற வலி.
- கை, கால், முகம் ஒரு பக்கம் வலுவிழப்பது, பேச்சு குழறுவது, ஒரு மணி நேரம் கடந்தும் பார்வை திரும்பாமல் இருப்பது.
- காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, வலிப்பு வருவது, நினைவு தடுமாறுவது.
- தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி. கர்ப்பத்திலோ பிரசவமான சில வாரங்களுக்குள்ளோ புதிதாக வரும் கடும் வலி.

இருமினால், குனிந்தால் மட்டும் கூடுகிற வலி, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிற வலி, 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வருகிற வலி ஆகியவற்றுக்கும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை உங்கள் மாமியாருக்காகவும் எழுதுகிறேன்.

மகளும் வேலையும்

பெற்றோரில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. மலை பஸ்ஸில் வாந்தி, காரணம் தெரியாத வயிற்றுவலி இரண்டும் குழந்தைகளிடம் மைக்ரேனின் முன்வடிவமாக இருக்கலாம். ஆனால் வயிற்றுவலிக்கு வேறு காரணங்களும் உண்டு, முதலில் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். "உனக்கும் என்னை மாதிரி வரப்போகுது" என்று அவள் காதுபட யாரும் பேச வேண்டாம். காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், இரவு ஒரே நேரத்தில் படுக்கட்டும், உங்கள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையும் அவளுக்குத் தராதீர்கள். ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வேலையை விடுவதைப் பற்றி. தீச்சுடர் ஆடக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கொலுசின் இணைப்புகளைப் பற்றவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி அது. மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தலைவலியும் குமட்டலும்தான் முதல் அடையாளம். அறையை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் வலி குறைகிறதா, கணவருக்கும் தலை கனக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்த வேலையை இன்றே ஜன்னல் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். புகையை வெளியே இழுக்கிற ஃபேனைச் சுவரில், தீச்சுடருக்குப் பின்பக்கமாக வைத்தால் சுடர் அதிகம் ஆடாது. பற்றவைக்கும் பொடியில் காட்மியம் இருக்கிறதா என்று வாங்குகிற கடையில் கேளுங்கள். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இருந்தால் காட்மியம் இல்லாததற்கு மாறுங்கள், பிள்ளைகள் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

சுடரின் கூச்சத்துக்கு நிறக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து கழுத்தை நிமிர்த்துங்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன் வேலையில் உட்கார வேண்டாம். மெருகு போடும் மோட்டாரைக் கணவர் மாலையில் ஓட்டிக்கொள்ளட்டும். இவ்வளவையும் செய்து, அட்டையையும் நிறுத்தி, தடுப்பு மருந்தைத் தொடங்கி மூன்று மாதம் ஆனபின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். வேலை செய்த நாட்களில் மட்டும் வலி குவிந்திருந்தால், பற்றவைப்பதை விட்டுக் கோர்க்கிற வேலைக்கு மாறுவதைப் பற்றி அப்போது பேசலாம். அதுவரை சொந்தச் சம்பாத்தியத்தை விட்டுவிடாதீர்கள்.